மழை படாத வண்டிக்கு எந்தக் கவர்?

பைக் கவர் வாங்கக் கடைக்குப் போனால், எடுத்துப் போடும் முதல் கவரோடு சேர்ந்தே வருகிறது அந்தப் பேச்சு: "நூறு பர்சென்ட் வாட்டர் ப்ரூஃப் சார்!" கையோடு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றியும் காட்டிவிடுவார்கள். தெருவோரம் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற வண்டிக்கு அது நியாயமான பேச்சு. தலைக்கு மேல் கான்கிரீட் தளம் இருக்க, வீட்டு ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு மழை ஒரு பிரச்சினையே இல்லை. அதன் பகைவர்கள் வேறு. அவர்களில் பலரை வாட்டர் ப்ரூஃப் கவர் தடுப்பதில்லை, சிலருக்கு இடம் கொடுத்து வளர்க்கவும் செய்கிறது. ஷெட்டில் நிற்கும் பெரிய பைக்குக்கு வேண்டியது தூசியை நிறுத்திக் காற்றை விடுகிற துணி என்பதே என் கருத்து. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

சென்னையை வைத்தே பேசுகிறேன். கவர் பற்றி உலகெங்கும் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி, பனி பெய்யும் நாடுகளில் வண்டியைக் குளிர்காலம் முழுக்கப் பூட்டி வைப்பவர்களுக்காகச் சொல்லப்பட்டது. அங்கே குளிர்காலக் காற்றில் நீர் குறைவு. நம் ஊரில் வண்டி நிற்பது ஆண்டு முழுக்க வெதுவெதுப்பான, ஈரமான, கடலுப்பு கலந்த காற்றில். அந்த ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய பைக்கைத் தனியாகப் பேசவும் காரணம் இருக்கிறது. 100 சிசி வண்டி தினமும் ஓடும். ஓடுகிற வண்டியில் ஈரம் தங்காது, எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும். 2018 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு 650 சிசி இன்டர்செப்டரையும் கான்டினென்டல் ஜிடியையும் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, நடுத்தரக் குடும்பத்து ஷெட்டிலும் பெரிய பைக் சாதாரணமாகிவிட்டது. அலுவலகத்துக்கு ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமை காலை கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இது. ஆக, வாரத்தில் ஆறு நாள் நிற்கிற வண்டி. மேலும், சின்ன வண்டியில் பிளாஸ்டிக் மூடி இருக்கும் இடத்திலெல்லாம் இதில் உலோகம் பளபளத்துக்கொண்டு நிற்கிறது. பாலிஷ் போட்ட அலுமினிய எஞ்சின் மூடிகள், குளிர்விக்கும் துடுப்புகள், குரோம் பூசிய இரட்டை சைலன்சர். வாங்கியவர் காசு கொடுத்ததில் பாதி அந்த அழகுக்குத்தான்.

குரோம் பூச்சு பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் முழுசாகத் தெரியும். உண்மையில் அது மிக மெல்லிய படலம், கண்ணுக்குத் தெரியாத துளைகளும் கீறல்களும் அதில் உண்டு. அடியில் இருக்கும் நிக்கல்தான் இரும்பைக் காக்கிறது. உப்புநீர் அந்தத் துளை வழியே இறங்கினால், சில மாதங்களில் மிளகளவு பழுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். பாலிஷ் போட்ட அலுமினியத்தில் அதுவே வெள்ளைப் பூப்பாகப் பூக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜன்னல் கிரில்லும் ஏசியின் வெளிப்பெட்டியும் என்ன பாடுபடுகின்றன என்று தினமும் பார்க்கிறார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. துருப்பிடிக்க மழையும் வேண்டாம், பனித்துளியும் வேண்டாம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு ஏறக்குறைய 33 சதவீதத்திலேயே ஈரமாகிவிடும். சென்னையில் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை காலை நேர ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே, உப்புத் தூசி படிந்த சைலன்சர் கூரைக்கு அடியில் நின்றாலும் விடிகாலையில் அதன்மேல் ஒரு நனைந்த படலம் இருக்கத்தான் செய்யும், தொட்டால் கைக்குத் தெரியாத அளவு மெல்லியதாக. காரைக்குடிக்காரர்கள் 'சிக்ரி' என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தியாவுக்கான அரிமான வரைபடமே தயாரித்திருக்கிறது. கடலோரத்தில் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க மண்டபத்தில் சோதனை நிலையமும் வைத்திருக்கிறது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அறிவு இது. ஆனால் கவர் வாங்கும் பேச்சில் மட்டும் வருவதே இல்லை.

கவரைப் பற்றி நேரடியாகப் பேசுகிற சோதனை ஒன்று 1920களில் இங்கிலாந்தில் நடந்தது. டபிள்யூ. எச். ஜே. வெர்னான் என்ற வேதியியலாளர் இரும்புத் துண்டுகளை அறைக்குள்ளேயே காற்றில் தொங்கவிட்டார். சிலவற்றை வெறுமனே விட்டார், சிலவற்றைச் சுற்றி மெல்லிய மஸ்லின் துணியால் கூண்டு கட்டினார். வெறுமனே தொங்கியவை துருப்பிடித்தன. மஸ்லின் கூண்டுக்குள் இருந்தவை பெரிதும் தப்பித்தன. மஸ்லின் ஈரத்தைத் தடுக்காது, உள்ளே இருந்த காற்றும் வெளியே இருந்த அதே காற்றுதான். அது நிறுத்தியது தூசியை மட்டும். காற்றில் மிதந்து வந்து உலோகத்தில் உட்காரும் துகள்தான் ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவுக்கு விதை போடுகிறது என்பது அப்போது தெளிவாயிற்று. நூறாண்டுக்கு முந்தைய இந்தச் சோதனையைவிட நல்ல வழிகாட்டி ஷெட் கவருக்கு இன்றுவரை எனக்குத் தென்படவில்லை.

இனி, சந்தையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பிவிசி கவர், தார்ப்பாய், பாலித்தீன் விரிப்பு ஆகிய மூன்றும் ஒரே இனம். காற்றும் ஆவியும் ஊடுருவாதவை. சூடான சோற்றை அடைத்து மூடிய டிபன் பாக்ஸின் மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதுதான் இவற்றின் உட்புறத்திலும் நடக்கிறது. கழுவி, அரைகுறையாய்த் துடைத்த வண்டியை மூடினால், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பகலில் ஆவியாகி, இரவில் கவரின் உள்பக்கம் படிந்து, மறுபடி டேங்க்கின் மேலேயே சொட்டும். ஷெட்டுக்குள் இவற்றுக்கு வேலை கிடையாது. வெள்ளையடிக்கும்போது மட்டும் இரண்டு நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பெரும்பாலோர் வாங்குவது: உள்பக்கம் பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர். அட்டையில் 190டி, 210டி, 600டி என்று எண் போட்டிருக்கும். இந்த 'டி'யில் இரண்டு வகை இருப்பதைக் கடைக்காரர்களே குழப்பிக்கொள்வார்கள். 190 என்றால் பெரும்பாலும் ஒரு சதுர அங்குலத்தில் நீளவாட்டு, குறுக்குவாட்டு இழைகளின் மொத்தக் கணக்கு. 210, 300, 600 என்பவை டெனியர், அதாவது 9,000 மீட்டர் நூலின் எடை கிராமில். 600 டெனியர் தடித்த நூல், கிழியாமல் உழைக்கும். 190 மெல்லியது, நெருக்கமான நெசவு. இரண்டு அளவையும் ஒப்பிட்டு 'பெரிய எண் நல்லது' என்று முடிவு செய்ய முடியாது. அதைவிட முக்கியம் பூச்சு. மலிவான பாலியூரித்தேன் பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் சிதைந்துவிடும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். உதிர்ந்தது போய் ஒட்டுவது விண்ட்ஷீல்டிலும் சீட்டிலும். பழைய குடையையோ முதுகுப்பையையோ உள்பக்கம் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

ஆனால் அதே பாலியெஸ்டர் துணி பூச்சு இல்லாமலும் கிடைக்கிறது. ஷெட்டுக்கு என் முதல் தேர்வு அதுதான். நூல் தானாக ஈரத்தை உறிஞ்சாது. 65 சதவீத ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8.5 சதவீத நீரை ஏந்திக்கொள்ளும்போது, பாலியெஸ்டர் ஏந்துவது 0.4 சதவீதம். பூஞ்சைக்கும் அதில் தீனியில்லை. நெருக்கமாக நெய்திருந்தால் தூசியையும் நிறுத்திவிடும். கடையில் பூச்சு உண்டா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கஷ்டம், அதனால் சோதித்துவிடுவது மேல். துணியை வாயில் அழுத்தி ஊதினால் மறுபக்கம் வைத்த கையில் காற்று படவேண்டும். துண்டுத் துணி கிடைத்தால் வீட்டிலேயே இன்னும் உறுதியாகப் பார்க்கலாம். டம்ளரில் பாதிக்குச் சுடுதண்ணீர் விட்டு, துணியை டம்ளரின் வாயில் இழுத்து ரப்பர் பேண்டு போட்டு, மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடியுங்கள். தட்டு மங்கினால் ஆவி வெளியே வருகிறது என்று அர்த்தம். தட்டு பளிச்சென்றே இருந்தால் அந்தக் கவர் ஷெட்டுக்கு ஆகாது.

'நீரைத் தடுக்கும், ஆனால் மூச்சு விடும்' என்று விலை கூட்டி விற்கப்படும் சவ்வுத் துணிகளைப் பற்றி ஒரு தெளிவு தேவை. அந்தச் சவ்வில் ஆவி நகர்வது உள்ளும் வெளியும் இருக்கும் ஈர வித்தியாசத்தால். வியர்க்கிற உடம்பின் மேல் போட்ட மழைச்சட்டைக்கு அந்த வித்தியாசம் உண்டு. ஓடாமல் நிற்கும் வண்டிக்கு உள்ளும் வெளியும் ஒரே காற்றுதான். எவ்வளவு வெளியேறுமோ அவ்வளவு உள்ளேயும் வரும். நனைந்த வண்டி சீக்கிரம் காய அது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. 'மூச்சு விடும் கவர் ஈரத்தைத் தடுக்கும்' என்ற விளம்பரத்தை நம்பிப் பல ஆயிரம் செலவழிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பல அடுக்கு, பஞ்சு போன்ற நெய்யாத துணியில் வரும் கவர்கள் கீறல் படாமல் காக்கும், உண்மை. கனமும் தடிமனும் அதிகம், ஒருமுறை நனைந்தால் காய நாளாகும். இழுத்தால் நீளும் துணியில் வண்டியின் உடம்போடு ஒட்டித் தைத்து வருபவை கண்ணுக்கு அழகு, தூசிக்கும் நல்ல தடுப்பு. அந்தந்த மாடலுக்கென்றே தைத்தது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

பழைய பெட்ஷீட்டை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெர்னானின் மஸ்லினுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். நல்ல கவரே வேண்டுமென்றால், கோவை, திருப்பூர் வட்டாரத்து விசைத்தறிகளில் நெய்கிற காடா துணியை மீட்டர் கணக்கில் வாங்கி டெய்லரிடம் கொடுத்துத் தைத்துவிடலாம். தைப்பதற்கு முன் இரண்டு முறையாவது வெந்நீரில் அலச வேண்டும். தறியில் ஓட்டப் பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். அதைப் போக்காவிட்டால் கரப்பானுக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைத்ததுபோல் ஆகும், துணியும் கூடுதலாகச் சுருங்கும். சாயம் போட்ட துணி வேண்டாம். ஐப்பசி ஈரத்தில் சாயம் இறங்கி வெளிர்நிறச் சீட்டில் ஏறினால் போகாது. பருத்தியின் பலவீனம் அந்த 8.5 சதவீதம்தான். வாரா வாரம் எடுக்கிற வண்டிக்கு அது பெரிதில்லை. மாதக் கணக்கில் அசையாத வண்டியில், துணி அழுந்தித் தொடும் கண்ணாடி முனையிலும் ஹேண்டில்பார் நுனியிலும் ஈரம் தங்கும். அடைமழைக் காலத்தில் மட்டும் பாலியெஸ்டருக்கு மாறிக்கொள்வது நல்லது.

ஜிப் வைத்து முழுக்க மூடும் பைக்குள் வண்டியை நிறுத்தி, சிலிக்கா ஜெல் போட்டு வைக்கும் முறையும் உண்டு. கணக்குப் போட்டால் அது எப்போது பலிக்கும் என்று தெரியும். 30 டிகிரி வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீர் இருக்கிறது. பெரிய பைக்கைச் சுற்றிய பையில் மூன்று கன மீட்டர் என்று வைத்தால் 70 கிராம் சொச்சம். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஏந்தும், எனவே கால் கிலோ போதும். ஆனால் பை இம்மிகூடப் பிசகாமல் மூடியிருக்க வேண்டும். அடியில் திறந்திருக்கும் சாதாரணக் கவருக்குள் நாலு பொட்டலம் போடுவது, நகரத்துக் காற்றை முழுக்கக் காயவைக்கப் பார்ப்பதற்குச் சமம். அலமாரிக்கு விற்கும் கால்சியம் குளோரைடு டப்பாவைக் கவருக்குள் தொங்கவிடவே கூடாது. அது இழுத்துச் சேர்த்த நீர் வீரியமான குளோரைடுக் கரைசல், டேங்க்கில் கவிழ்ந்தால் கடல் தேவலை.

இப்போது விதிவிலக்குகள். தகரக் கூரை போட்ட ஷெட் இரவில் வேகமாகக் குளிர்ந்துவிடும். விடிகாலையில் தகரத்தின் அடிப்பக்கம் வேர்த்துச் சொட்டும். அங்கே மேல்பகுதி மட்டும் நீர் புகாததாகவும், பக்கங்கள் வெறும் துணியாகவும் தைத்த கவர் வேண்டும். அடுக்குமாடிகளின் தூண்தளத்தில் புறாத் தொல்லை. புறா எச்சத்தின் அமிலம் பெயின்ட்டைத் தின்னும். அங்கேயும் மேலே பூச்சு, பக்கத்தில் காற்று என்பதே வழி. சாரல் அடிக்கும் ஓரத்து இடம் கிடைத்தவர்களுக்கும் இதே கவர்தான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நிலைமை வேறு. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உலோகத்தில் நேராக நீராகப் படியும். அங்கே எந்தக் கவரையும்விட அடைப்பான அறையும் ஒரு சிறு ஹீட்டரும் அதிகம் உதவும். 2015 டிசம்பர் வெள்ளமோ 2023இன் மிக்ஜாம் புயலோ வந்து தூண்தளத்தில் இடுப்பளவு நீர் நின்றால் எந்தக் கவரும் ஒன்றும் செய்யாது. வண்டியை முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றுவதுதான் வழி.

கவரை எவ்வளவு யோசித்து வாங்கினாலும், ஷெட்டில் வண்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் பயனில்லை. பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலை நம் வீடுகளில் ஷெட் மூலையில்தான் வைப்போம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலும் ஆவி கசிந்துகொண்டே இருக்கும். அந்த மூலைக்குப் பக்கத்தில் நிற்கும் குரோமும் செயினும் சில வாரங்களிலேயே நிறம் மாறும். பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அப்படித்தான், அதிலிருந்து வருவது குளோரின். சார்ஜ் ஏறும்போது அமில நுண்துளிகளை வெளிவிடும் இன்வெர்ட்டர் பேட்டரியும் அந்த இடத்துக்கு ஆகாது. இவற்றை வண்டி அருகில் வைத்துவிட்டு மேலே காற்றுப் புகாத கவரையும் போட்டால், புகுந்த ஆவி உள்ளேயே தங்கும். முதலில் அவற்றை வெளியேற்றுங்கள், கவர் வாங்குவதை அப்புறம் பார்க்கலாம். தரையும் ஈரம் விடும். பழைய சிமென்ட் தரையில் வண்டிக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் அடியிலிருந்து ஏறும் ஈரம் குறையும்.

அளவு பற்றிக் கொஞ்சம். 'யுனிவர்சல்' என்று வருவது பெரும்பாலும் 150 சிசி வண்டியை மனதில் வைத்துத் தைத்தது. சூப்பர் மீட்டியர் 650இன் எடை 241 கிலோ, நீளம் இரண்டேகால் மீட்டர். ஹோண்டா கோல்டுவிங் டூர் இரண்டரை மீட்டரைத் தாண்டும். கண்ணாடியிலிருந்து கண்ணாடி வரை அகலம், விண்ட்ஷீல்டு உச்சிவரை உயரம், முன்சக்கரத்திலிருந்து பின்பெட்டி முனைவரை நீளம் என்று மூன்றையும் டேப் வைத்து அளந்துகொண்டு போக வேண்டும். இறுக்கமான கவரைச் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின்மேல் வலிந்து இழுத்தால் வண்டியே சாய்ந்துவிடும் அபாயம் உண்டு. சரியான அளவு கிடைக்காதவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் சீட் கவர் தைப்பவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். கவர் தரைவரை தொங்க வேண்டாம். தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றால் போதும், அடியில் காற்று ஓடும், ஓரம் அழுக்காகாது, எலிக்கும் மறைவிடம் கிடைக்காது. எலி குடிபுகுவது இருட்டும் கதகதப்பும் கண்டுதான். வயரை அது கடித்துவைத்தால் வரும் செலவு எந்தக் கவரின் விலையையும்விட அதிகம்.

ஓட்டிவிட்டு வந்ததும் மூடக் கூடாது. பாலியெஸ்டர் உருகுவது 250 டிகிரியைத் தாண்டி என்றாலும், எஞ்சினிலிருந்து புறப்படும் இடத்தில் சைலன்சர் குழாய் அந்தச் சூட்டைத் தொடக்கூடியது. நைலான் 220 டிகிரியிலேயே இளகும், பிவிசி அதற்கு வெகு முன்பே. உருகிய துணி குரோமில் ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பெரிய எஞ்சின் ஆற நேரம் பிடிக்கும். கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லாத நிலை வந்த பிறகு மூடலாம். அதற்கு முன், ஈரத்துணியால் டேங்க்கையும் விண்ட்ஷீல்டையும் ஒற்றியெடுத்துத் தூசியைப் போக்கிவிட வேண்டும். மணல் இருக்க மேலே துணியை இழுத்தால், எவ்வளவு மென்மையான துணியும் உப்புத்தாளாகத் தேய்க்கும்.

கவர் வேண்டவே வேண்டாம், துடைத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டி எடுப்பவருக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்குத் தினசரித் துடைப்பே கீறலாக முடியும்.

கடைசியாக, கப்பலில் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று ஆறு மாதம் வண்டியை வீட்டில் விட்டுப் போகிறவர்கள். இவர்களுக்கு ஏற்றது பூச்சில்லாத பாலியெஸ்டர் கவர். போகும் முன் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, உலோகப் பகுதிகளில் துருத்தடுப்பு எண்ணெயை மெல்லியதாகத் தடவி, எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்காதபடி டேங்க்கை நிரப்பி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: மாதம் ஒருமுறை, வெயில் நன்றாக ஏறிய நாளில், கவரை எடுத்துத் துவைத்துக் கொடியில் போடுங்கள், அது காய்கிற வரை ஷெட் கதவைத் திறந்து வையுங்கள், சாயங்காலம் ஈரக்காற்று வரும் முன் மறுபடி மூடிவிடுங்கள்.